கருத்துத் தாள் ஏன் வெறுமையாக வருகிறது?

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் குழு முக்கால் மணி நேர நாடகம் ஒன்றைத் திருவிழாவுக்காகத் தயாரிக்கிறது. நாற்பது பேருக்கு ஒருமுறை நடித்துக் காட்டிக் கருத்துத் தாள் கொடுத்தோம். பாதி வெறுமையாக வந்தது, மீதியில் ‘அருமை’, ‘நன்று’. இதை வைத்து எதைத் திருத்துவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெறும் தாளைப் பார்த்து மனம் தளராதீர்கள். உங்கள் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள் நிறைய. நாடகம் முழுக்கப் புரிந்திருக்கும், தமிழில் எழுதத்தான் கை வராது. தாளை இரண்டு எழுத்திலும் அச்சிடுங்கள். அதைவிட நல்லது, மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு கேட்பது. எந்த மொழியிலும் பேசலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘எப்படி இருந்தது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நடித்தவர் எதிரே நிற்கும்போது யாரும் ‘அருமை’ என்றுதான் சொல்வார்கள். ‘கதையைச் சொல்லுங்கள்’, ‘எந்த இடத்தில் குழம்பினீர்கள்?’, ‘யார் மேல் கோபம் வந்தது?’ இந்த மூன்றும் போதும். கதையைத் திருப்பிச் சொல்லும்போது எந்தக் காட்சி விடுபடுகிறதோ அது மனதில் பதியவில்லை. கூட்டமாக உட்கார்ந்து பேசுவதாக இருந்தால், முதலில் தனித்தனியே பதில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஊர்ப் பெரியவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள்.

வாய் சொல்லாததை உடம்பு காட்டும். இருவரைப் பிரதியும் பென்சிலுமாகப் பக்கச்சுவரோரம் உட்கார வையுங்கள். அவர்கள் மேடையைப் பார்க்கக் கூடாது, பார்ப்பவர்களைத்தான் பார்க்க வேண்டும். சிரிப்புக்கு ‘சி’, நாற்காலி அசைவுக்கு ‘அ’, போன் வெளிச்சத்துக்கு ‘போ’ என்று அந்தந்த வசனத்தின் ஓரத்திலேயே குறிக்கட்டும். உதாரணமாக, மகன் கடிதம் படிக்கும் இடத்தில் எட்டு வரிக்குள் இருவர் பிரதியிலும் நாலைந்து ‘அ’ விழுந்தால் அங்கே நீளம் அதிகம், அல்லது பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை. எது என்று அறியப் பின்வரிசைக்காரரிடம் அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய முறையில், எது மனதைத் தொட்டது என்பதைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வார்கள். அடுத்து படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் அவர் அனுமதித்தால். புதுக் குழுவுக்கு இந்த வரிசை மிகவும் பொருந்தும்.

ஒருவர் மட்டும் சொன்ன குறையைக் குறித்து வையுங்கள். ஒருவரோடொருவர் பேசாத மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் கட்டாயம் திருத்துங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் வைத்தியத்தை அப்படியே எடுக்க வேண்டாம். ‘பாட்டு வையுங்கள்’ என்றால் அங்கே சலிப்புத் தட்டியது என்று பொருள்.

அடுத்த முறை புது ஆட்களை அழையுங்கள், உறவினர் வேண்டாம். திருவிழாவுக்குப் பத்து நாளாவது முன்னால் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் வசனத்தை மாற்றினால் மேடையில் பழைய வரிதான் வாயில் வரும்.