வெளிவராத ஃபால்அவுட்: கடையில் கேட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிற பிள்ளைகள் கேட்டவை இவை. கம்ப்யூட்டர் ஆட்டங்கள் செய்த பிளாக் ஐல் ஸ்டுடியோ 2003 டிசம்பரில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதும் பாதியில் நின்றுபோன மூன்றாவது ஃபால்அவுட் ஆட்டம் பற்றி. உள்ளுக்குள் அதற்கு 'வான் பியூரன்' என்று பெயர்.

ராயபுரம்: கதை எங்கே ஆரம்பிக்கும், அண்ணே?
ஜெயிலில். புழல் பக்கத்து ஆட்கள் சிரிக்க வேண்டாம். நீ கைதி, தப்பித்து ஓடுகிறாய், ரோபோக்கள் விடாமல் துரத்துகின்றன. ஆனால் அது ஜெயில் மாதிரி இருக்கிறதே தவிர, வேலை வேறு. கொள்ளைநோய் தொற்றியிருக்கலாம் என்பவர்களை வெளியே விடாமல் பூட்டிவைக்கிற இடம். 2020-ல் நம் தெருக்களில் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அந்தத் தகரத்துக்குப் பின்னால் இருந்தவன் என்ன குற்றம் செய்தான்? அதே கணக்குதான். ரோபோவுக்கு உன்மேல் கோபமில்லை, நீ ஊர் ஊராகப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இதெல்லாம் வடிவமைப்புத் தாள்களில் இருப்பது. தாளில் இருந்தது ஆட்டத்திலும் அப்படியே வந்திருக்கும் என்று நம்பாதே.

கொருக்குப்பேட்டை: வில்லன் யார்?
பிரெஸ்பர் என்ற விஞ்ஞானி. வானத்தில் சுற்றும் அணு ஏவுகணைத் தளத்தை வைத்து உலகத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கப் பார்க்கிறான்.

தண்டையார்பேட்டை: நியூ வேகஸ்தானே அது?
இல்லை. நியூ வேகஸ் 2010-ல் வந்த வேறொரு ஃபால்அவுட். இதற்காக யோசித்த ஹூவர் அணையும் சீசரின் படையும் அதற்குப் போய்ச் சேர்ந்தன, உண்மைதான். காசிமேட்டில் பழைய படகின் பலகையைப் பிரித்துப் புதுப் படகில் அடித்தால் அது பழைய படகா?

வியாசர்பாடி: சண்டை எப்படி இருந்திருக்கும்?
உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கேரமும் கால்பந்தும் ஒரே பெட்டியில். முதல் இரண்டு ஃபால்அவுட்டும் கேரம்: ஒருவர் அடித்து முடித்தால்தான் அடுத்தவர். இதில் விடாமல் ஓடுகிற கால்பந்து முறையும் இருக்கும், வேண்டியதை நீயே தேர்ந்தெடுக்கலாம்.

அதே வியாசர்பாடி: கால்பந்துதான் பெஸ்ட் அண்ணே, நின்று நின்று அடித்தால் தூக்கம் வரும்.
கேரமில் யாருக்குத் தூக்கம் வருகிறது? எதிராளி சிவப்பைக் குறி பார்க்கும்போது உன் வயிறு என்ன செய்கிறது? அதுதான் ஆட்டம். அப்புறம், இரண்டு முறைக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே எதிரி என்றால் ஒன்றுக்குச் சரியான கணக்கு இன்னொன்றில் உதைக்கும். அதை எப்படிச் சமாளித்திருப்பார்களோ என்றுதான் எனக்குக் கவலை.

மூலக்கொத்தளம்: நான் கேரம் கட்சி.
உட்கார்.

எருக்கஞ்சேரி: அணை ஒன்றுதானே, அப்படியானால் வேகஸ்தானே?
படகு பதிலைப் படி.

பெரம்பூர்: 2007-ல் கசிந்த டெமோ கிடைக்குமா?
கண்ட இடத்தில் இறக்கி வைரஸோடு என்னிடமே மெஷினைக் கொண்டுவராதே. அது ஒரு சின்னச் சோதனைதான், உலகம் அதில் இல்லை. தாளில் இருப்பதும், மறுபடி சொல்கிறேன், தாள்தான்.

வியாசர்பாடி: அப்படியானால் கேரமா, கால்பந்தா? முடிவாகச் சொல்லுங்கள்.
போர்டு ஷட்டருக்குப் பின்னால் இருக்கிறது. பவுடர் மேல் டிராயரில். எடுத்துப் போடு, அடித்தே பார்த்துவிடுவோம்.