பெங்காசியைக் காப்பாற்றப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

ஈராக் போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வல்லரசுகள் அடுத்தவர் நாட்டில் படையோடு நுழையவே கூடாது என்று முடித்திருந்தீர்கள். ஈராக் பொய்க் காரணம் சொல்லி நடத்திய போர், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1994ல் ருவாண்டாவில் நூறே நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது உலகம் கைகட்டி நின்றதே? முள்ளிவாய்க்காலில் நம் சனங்கள் செத்தபோது, எந்த நாடாவது படை அனுப்பாதா என்று ஏங்கினோமே? ‘தலையிடாதே’ என்பது பத்திரமான இடத்தில் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு இல்லையா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

2009ல் அப்படி ஏங்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஈராக்கை விட்டுவிடலாம், என் தரப்புக்கு அது மிகவும் வசதியான உதாரணம். உங்கள் வாதத்துக்குச் சாதகமான லிபியாவையே எடுத்துக்கொள்வோம்.

2011 பிப்ரவரியில் லிபியாவின் பெங்காசி நகரம் அந்நாட்டு சர்வாதிகாரி கடாஃபிக்கு எதிராக எழுந்தது. காரணம் இல்லாமல் எழவில்லை. 1996ல் அபு சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகள் கொல்லப்பட்டதற்கு நியாயம் கேட்டு அந்தக் குடும்பங்கள் பல வருடம் போராடிவந்தன. அவர்களுடைய வழக்கறிஞரைக் கைது செய்ததில்தான் தீ பற்றியது. வீடு வீடாக, சந்து சந்தாகத் தேடி வருவேன் என்று கடாஃபி தொலைக்காட்சியில் கத்தினார். அந்த மக்களின் பயம் நிஜம். மார்ச் 17 அன்று, பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்று ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. ரஷ்யாவும் சீனாவும் தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ உரிமையைப் பயன்படுத்தவில்லை, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. இந்தியாவும் அப்படித்தான். மார்ச் 19ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நாடுகளின் விமானத் தாக்குதல் தொடங்கியது. பெங்காசியை நெருங்கியிருந்த கடாஃபியின் டாங்குகள் எரிந்தன.

நோக்கம் பெங்காசியைக் காப்பது என்றால் அது அங்கேயே பெருமளவு நிறைவேறிவிட்டது. ஆனால் குண்டுவீச்சு இன்னும் ஏழு மாதம் நீடித்தது. ஏப்ரலில் அந்த மூன்று நாட்டுத் தலைவர்கள் ஒபாமா, கேமரூன், சர்க்கோசி மூவரும் சேர்ந்து பத்திரிகையில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படித்துப் பாருங்கள். கடாஃபியைப் பலவந்தமாக அகற்றுவது எங்கள் வேலை இல்லை என்று ஒரு வரியில் சொல்கிறார்கள். உடனேயே, அவர் ஆட்சியில் இருக்கும் லிபியாவைக் கற்பனைகூடச் செய்ய முடியாது என்கிறார்கள். அதே மாதம் ஆப்பிரிக்க ஒன்றியம் போர்நிறுத்தத் திட்டத்தோடு போனது. கடாஃபி ஒப்புக்கொண்டார். அவர் பதவி விலக வேண்டும் என்று அதில் இல்லாததால் எதிர்த்தரப்பு மறுத்துவிட்டது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பார் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வானத்தில் மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ இருக்கும்போது எதிர்த்தரப்பு எதற்குப் பேச வேண்டும்?

படை அனுப்பு என்கிறவர்களிடம் எனக்குப் பெரிய கோளாறாகத் தெரிவது இதுதான். அந்த நாட்டின் பிரச்சினை முழுவதும் ஒரே ஆளிடம் இருக்கிறது, அவனைத் தூக்கிவிட்டால் மீதி தானாக நடக்கும் என்று நம்புகிறார்கள். கடாஃபி 42 வருடம் கட்சி என்று ஒன்று வளர விடவில்லை, உருப்படியான நிர்வாகத்தையும் வளர விடவில்லை. அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார், அந்த மாதக் கடைசியில் நேட்டோ கிளம்பியது. மிச்சமிருந்தது ஊருக்கு ஊர் துப்பாக்கிக் குழுக்கள். அவர் படையில் இருந்த துவாரெக் இன வீரர்கள் ஆயுதங்களோடு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலிக்குத் திரும்பினார்கள். 2012ல் அங்கே கிளர்ச்சி, அப்புறம் ராணுவப் புரட்சி. 2014 முதல் லிபியாவில் பெரும்பாலும் இரண்டு அரசாங்கங்கள். டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளில் விரிசல் இருப்பது 1998லேயே தெரியும். பழுதுபார்ப்பை வருடக்கணக்காக இழுத்தடித்தது கடாஃபி அரசு. ஒருவழியாகத் துருக்கி நிறுவனம் ஒன்று தொடங்கிய வேலை 2011 சண்டையில் நின்றது. அதன்பின் வந்த எந்த அரசும் அதைத் தொடரவில்லை. 2023 செப்டம்பரில் புயல்மழையில் இரண்டும் உடைந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கடலுக்கு அடித்துப் போனது.

பெங்காசியில் பெரும் படுகொலை நடந்தே தீரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கவில்லை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவே 2016ல் எழுதியது. இதையெல்லாம் சொன்னால், பாதியில் கிளம்பியதுதான் தப்பு, கூட இருந்து கட்டியிருக்க வேண்டும் என்பார்கள். ஆப்கானிஸ்தானில் 20 வருடம் இருந்தார்களே! கடைசி வீரன் கிளம்புவதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில், தாலிபான் காபூலுக்குள் வந்துவிட்டது.

சரி, ருவாண்டா. அங்கே ஐ.நா. படை ஏற்கெனவே இருந்தது. பதுக்கிய ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய அதன் தளபதி டலேர் ஜனவரியிலேயே அனுமதி கேட்டார், நியூயார்க்கில் இருந்த ஐ.நா. தலைமையகம் மறுத்தது. கொலைகள் உச்சத்தில் இருந்தபோது, சுமார் 2,500 பேர் கொண்ட அந்தப் படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு சபை முடிவெடுத்தது. வன்னியிலும் 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று சனங்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். அங்கே தவறிவிட்டோம் என்று ஐ.நா.வின் உள் விசாரணையே 2012ல் ஒப்புக்கொண்டது. இரண்டு இடத்திலும் நடந்தது, இருந்தவர்கள் கைவிட்டது. அதைக் காட்டி ஓர் அரசைக் குண்டு போட்டுக் கவிழ்ப்பதை நியாயப்படுத்த முடியாது. படை வந்தால் என்ன ஆகும் என்பதும் ஈழத்து மக்களுக்குத் தெரியாததில்லை. அமைதி காக்க என்று 1987 ஜூலையில் போன இந்தியப் படை அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் நடத்திக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபர் 4 அன்று சிரியா அரசைக் கண்டித்து ஒரு தீர்மானம் பாதுகாப்பு சபைக்கு வந்தது. படை அனுப்பும் பேச்சே அதில் இல்லை. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. ரஷ்யத் தூதர் லிபியாவைச் சுட்டிக்காட்டியே பேசினார். ரஷ்யாவுக்குச் சிரியாவில் சொந்த லாபக் கணக்குகள் இருந்தன, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாக்கை அதன் கையில் கொடுத்தது லிபியா. ருவாண்டா போல நிஜமாகவே ஒரு சனம் அழிகிற நிலையில் இருக்கும்போது, பொதுமக்களைக் காக்க மட்டும்தான் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால், 2011 மார்ச்சில் ஒதுங்கி வழிவிட்ட நாடுகள் இனி அதை நம்பி வழிவிடுவது கஷ்டம்.

அன்புடன்