உள்கணினியில் நிறுவிய வேர்ட்பிரஸ் பழைய முகவரிக்கே திரும்புவது ஏன்?

இணையத்தில் இயங்கும் வேர்ட்பிரஸ் தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் உங்கள் கணினியையே வலைச்சேவையகமாக இயக்கும் சாம்ப் (XAMPP) மென்பொருளில் நகலெடுத்த பிறகும், உலாவி பழைய முகவரிக்கே தாவுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகத் தளத்தின் முகவரி கோப்புகளில் இருப்பதில்லை. தரவுத்தளத்தின் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் 'சைட்யூஆர்எல்' (siteurl), 'ஹோம்' (home) என்னும் இரு வரிசைகளில் பதிந்திருக்கிறது. அவ்விரண்டையும் உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு மாற்றினால் தளம் திறக்கும்.

ஆனால் பதிவுகளுக்குள் உள்ள படங்களின் இணைப்புகள் அப்போதும் பழைய தளத்தையே சுட்டும். அவற்றை, தரவுத்தளத்தின் உரைவடிவ நகலான எஸ்கியூஎல் கோப்பில் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள். விட்ஜெட், தீம் அமைப்புகள் பலவும் ஒவ்வொரு சொற்சரத்தின் நீளத்தையும் எண்ணாகச் சேர்த்தே சேமிக்கப்படுவதால், முகவரியின் நீளம் மாறியதும் அந்த எண் பொருந்தாமல் போய், அமைப்புகள் சத்தமின்றி மறைந்துவிடும். இந்த இடத்தில்தான் பலரும் வீணாக நாள்கணக்கில் தவிக்கிறார்கள். வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளைவரியிலிருந்து கையாள உதவும் டபிள்யூபி-சிஎல்ஐ (WP-CLI) கருவியின் தேடி மாற்றும் கட்டளை (search-replace) அந்த நீளத்தையும் சேர்த்தே திருத்துகிறது. அதை முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையாக (--dry-run) இயக்கிப் பார்த்துவிட்டு, பிறகு மெய்யாக இயக்குங்கள்.