நீஸ் கடற்கரைக்குப் பின்னால்: மலையுச்சி ஊர்கள், பட்டறைகள்

தென் பிரான்ஸின் நீஸ் நகரம் என்றாலே கடற்கரைதான் என்று நினைத்திருந்தேன். வந்த கேள்விகள் பெரும்பாலும் அதற்குப் பின்னால் பாறை மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊர்களைப் பற்றியவை. அவற்றில் சில:

நீஸில் மூன்று நாள் தங்குகிறோம். ஏஸ், சென்-போல்-து-வான்ஸ், பியோட், வலோரிஸ், கிராஸ், கூர்தோன் ஆறையும் பார்த்துவிட முடியுமா?

பார்க்கலாம், பஸ் ஜன்னல் வழியாக. நாளுக்கு ஓர் ஊர் போதும். மலையுச்சிக்கு ஏஸ், கண்ணாடிக்கு பியோட், மூன்றாவது நாள் மண்பாண்டமா (வலோரிஸ்) வாசனையா (கிராஸ்) என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தூரத்தில் ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு தினுசு. உள்ளே போனால் எல்லாம் கல் படி, வளைவு, சந்து, ஐஸ்கிரீம் கடை. "இதை நேற்றே பார்த்தாச்சே" என்று பிள்ளைகள் இரண்டாவது ஊரிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஊருக்கு ஊர் மாறுவது அங்கே நடக்கும் தொழில்தான். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பஸ்கள் வந்து நிற்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைகளிலும் வேலை நின்றுவிடும்.

இவ்வளவு உயரத்தில் ஏன் ஊர் கட்டினார்கள்? கடற்கொள்ளையர் பயமா?

அதுவும் ஒரு காரணம். 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் கடல் வழியாக வந்த சரசேனியர் (அன்றைய முஸ்லிம் படையினர்) இந்தக் கரையைச் சூறையாடினார்கள்; 970-களில் அவர்கள் விரட்டப்பட்டார்கள். வழிகாட்டிகள் கதையை அதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் இன்று நாம் பார்க்கும் ஊர்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. உள்ளூர்ப் பிரபுக்கள் கோட்டை கட்டி, குடிகளைச் சுற்றிலும் குடியேற்றினார்கள். வயல் கீழே, வீடு மேலே.

ஏஸ் கடலிலிருந்து சுமார் 430 மீட்டர் உயரம். அதன் கோட்டையை 1706-இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் உத்தரவில் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடிபாட்டின் மேல் இப்போது ஒரு கள்ளித் தோட்டம். நம் ஊர் வேலியோரக் கள்ளியைக் காசு கொடுத்துப் பார்ப்பதா என்று சிரிப்பு வரும். நீங்கள் காசு கொடுப்பது அங்கிருந்து தெரியும் கடலுக்கு.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஏஸுக்கு ரயிலில் போகலாமா?

கூடவே கூடாது. ரயில் நிலையம் கடலோரத்தில், ஊர் தலைக்கு மேலே. இடையில் ஒரு மலைப்பாதை. 1880-களில் நீஸில் குளிர்காலம் கழித்த தத்துவஞானி நீட்ஷே ஏறிய பாதை என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நல்ல கால் உள்ளவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீஸிலிருந்து ஊர் வரைக்கும் பஸ் இருக்கிறது. ஆனால் உள்ளே முழுக்கப் படிதான்.

அம்மாவோடு போவதானால் நான் சென்-போலைச் சொல்வேன். அங்கும் கல் பாவிய தெருதான், ஏற்றமும் உண்டு. ஆனால் கோட்டை வாசலுக்கு வெளியே மர நிழலில் பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் மறுகோடியில் இருக்கும் ஓவியர் ஷகாலின் கல்லறை வரை போய் வாருங்கள். பியோட், கிராஸ் இரண்டிலும் இதே ரயில் சங்கடம்: நிலையம் கீழே, ஊர் மேலே.

பியோட் கண்ணாடியில் குமிழி குமிழியாக இருக்கிறதே, அது குறை இல்லையா?

மற்ற இடத்தில் குறை, இங்கே அதற்குத்தான் விலை. (பெயரில் கடைசி 'ட்' ஒலிக்கும், பிரெஞ்சு என்று விழுங்கிவிடாதீர்கள்.) ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைக்கும் பெரிய மண் ஜாடிகளுக்குப் பெயர்போன ஊர் இது. 1956-இல் எலுவா மொனோ என்பவர் இங்கே கண்ணாடிப் பட்டறை தொடங்கினார்.

வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் தேன் மாதிரி சுருட்டி எடுப்பார்கள். அதன் மேல் சோடா உப்பைத் தூவி, உடனே மறுபடி உலையில் தோய்த்து இன்னொரு பூச்சு ஏற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சோடா சூட்டில் வாயுவாகிக் குமிழிகளாக நின்றுவிடும். ஊதும்போதும் நடக்கும்போதும் கை குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும். முடிந்த பொருளை மெதுவாக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் விரிசல். நான் வாங்கிய குடுவையை சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்தேன். சென்னைக்குக் கைப்பிடி தனியாக வந்தது. கைப்பையில் எடுத்து வாருங்கள்.

வலோரிஸில் பிக்காசோ செய்த தட்டு வாங்க முடியுமா?

ஏலத்துக்குப் போங்கள். 1946-இல் இங்கே ரமியே தம்பதியின் 'மதுரா' என்ற மண்பாண்டப் பட்டறைக்கு வந்து களிமண்ணில் கை வைத்தார். நொடித்துக்கொண்டிருந்த குயவர் ஊர் நிமிர்ந்தது. ஆட்டுக்குட்டியைச் சுமக்கும் அவருடைய வெண்கல மனிதன் சந்தைத் திடலிலேயே நிற்கிறான், டிக்கெட் வேண்டாம். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. கடைகளில் எல்லாமே உள்ளூர்ச் சரக்கு இல்லை. உள்ளே சக்கரமும் தரையில் காய்ந்த மண்ணும் தெரிகிற கடையில் வாங்குங்கள்.

நான் மதுரைக்காரி. மல்லிகைக்காக கிராஸ் வரை போக வேண்டுமா?

பூவுக்காக என்றால் வேண்டாம், தொழிலுக்காகப் போங்கள். கிராஸ் முதலில் தோல் பதனிடும் ஊர். கையுறையில் தோல் வாடை போகாததால் வாசனை ஏற்றத் தொடங்கி, கடைசியில் வாசனையே தொழிலாகிவிட்டது. 2018-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே விளைவது உங்கள் குண்டுமல்லி இல்லை, நம் ஜாதிமல்லி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விடியற்காலையில் பறிப்பார்கள். ரோஜாவுக்கு மே மாதம். டிசம்பரில் போனால் வாசனை வடிக்கும் செப்புப் பாத்திரங்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். பெரிய கம்பெனிகளில் சுற்றிக் காட்டுவது இலவசம், கடைக்குள் கொண்டுபோய்த்தான் முடியும். இன்று கிராஸில் வயல் குறைவு. தமிழ்நாட்டு மல்லிகைச் சாறு பிரெஞ்சு வாசனைக்காரர்களுக்குப் போகிறது.

சைவம். பட்டினியா?

சோக்கா கேளுங்கள். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. விறகு அடுப்பில் அகலச் செப்புத் தட்டில் சுடும் அடை மாதிரி. பக்கத்திலேயே வெங்காயம் பரப்பிய ரொட்டியான பிசலாதியேர் இருக்கும், அதில் உப்பிட்ட மீன் உண்டு. சோக்காவுக்கு மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவச் சொல்லி, நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் ரப்பர்.