சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் பீர் குடிப்பது பற்றி

சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் உள்ள திடலில் உட்கார்ந்து பீர் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரவு பத்தரை ஆகும்வரை பொது இடத்தில் குடிக்கலாம் என்று உங்கள் நண்பர் சொன்னது சிங்கப்பூரின் மற்ற பகுதிகளுக்குத்தான் சரி. நீங்கள் சொல்லும் திடல் லிட்டில் இந்தியாவில் இருக்கிறது. அங்கே சட்டம் வேறு.

2013 டிசம்பரில் ரேஸ்கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை திடல், நடைபாதை, அடுக்குமாடிக் கீழ்த்தளம் எங்கேயும் குடிக்கக் கூடாது. பொது விடுமுறைக்கு முந்தைய நாள் இரவு 7 மணிக்கே தடை தொடங்கிவிடும். தீபாவளி நேரத்தில் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மற்ற இடங்களில் முதல் தடவை பிடிபட்டால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். இந்த வட்டாரத்தில் தண்டனை இன்னும் கடுமை. வேலை அனுமதியில் இருப்பவர் தயவுசெய்து இந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

உரிமம் உள்ள உணவகத்துக்குள் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை. கொஞ்சம் விலை கூடினாலும் அங்கேயே சந்தித்துப் பேசுங்கள்.