கொரோனா காலத்தில் காணொளி அழைப்புகளால் வந்த சோர்வை எப்படிச் சமாளித்தீர்கள்?

மதுரை தெற்கு வெளி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கும் நான், கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபின் வகுப்பு, துறைக் கூட்டம், உறவினர்களின் நலம் விசாரிப்பு எல்லாமே மடிக்கணினித் திரைக்குள் வந்து சேர்ந்தன. நான்கு மணி நேரம் நின்று பாடம் நடத்தியபோது வராத அயர்ச்சி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியதும் ஏன் வருகிறது என்பது எனக்கு விளங்கவேயில்லை.

விளங்க வைத்தது மீனாட்சி திருக்கல்யாணம். அந்த ஆண்டு மே 4 அன்று பக்தர்கள் இல்லாமல் நடந்த அதனை வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தோம்; மாங்கல்யதாரணம் ஆனதும் அம்மா திரையின் முன்பாகவே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார். முழுவதும் பார்த்தும் எங்களில் எவருக்கும் தலை கனக்கவில்லை. அங்கே நாங்கள் பார்த்தோமே தவிர, எங்களை எவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மறுநாளே காணொளிச் செயலியின் அமைப்பில் என் முகம் எனக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது வழக்கம்போலத் தெரியும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வெளியிட்ட கட்டுரையும், மிக நெருக்கத்தில் தெரியும் முகங்களின் ஓயாத பார்வை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருத்தல், ஓரிடத்தில் கட்டுண்டு கிடத்தல், தலையசைப்பு போன்ற சிறு குறிப்புகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் மனம் கூடுதலாக உழைத்தல் ஆகிய நான்கையே காரணங்களாகச் சொன்னது.

ஆனாலும் எனக்குப் பெரிதும் உதவியது சாதாரணத் தொலைபேசிதான். சந்தேகம் கேட்கும் நேரத்தை மாலைக்கு மாற்றி, மொட்டைமாடியில் நடந்துகொண்டே மாணவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினேன். மேலூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன், ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான கண்மாய்க் கரையில் நின்று அழைப்பான். ஒரு மாதமாக வகுப்பில் வாயே திறக்காத அவன், "சார், மாடு வாங்குனா அதுக்கும் தேய்மானம் எழுதணுமா?" என்று கேட்டான். எந்திரத்துக்கு எழுதுவதுபோல் நிலையான தொகையை எழுதாமல், ஆண்டு முடிவில் மாட்டை மறுபடி மதிப்பிட்டு, அதன் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதை மட்டும் தேய்மானமாக எழுதும் மறுமதிப்பீட்டு முறையைச் சொன்னேன். அவன் தன் வீட்டு மாடுகளையே ஒவ்வொன்றாக மதிப்பிட்டுக் காட்டினான். அரைமணி நேரம் பேசியிருப்போம். கீழே இறங்கியபோது எனக்கு அசதியே இல்லை.

உங்கள் அலுவலகத்திலும் முகம் காட்டத் தேவையில்லாத கூட்டங்களைக் குரலழைப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.