தோள்மூட்டை: நெடும்பயணக் கேள்வி–பதில்

இந்த மாதக் கேள்விகள் எல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பியவை.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஐந்து லட்சம் சேர்த்திருக்கிறேன். ஆறு மாதம் சுற்றுவதற்கு 14 நாடுகள் பட்டியல் போட்டிருக்கிறேன். காசு போதுமா?
*– 27 வயது வாசகர், ஓசூர்*

நாடுகளை எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை முறை மூட்டை கட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 14 நாடு, நாட்டுக்கு மூன்று ஊர் என்றால் 42 தடவை. 180 நாளில் நாலு நாளைக்கு ஒருமுறை கிளம்பிக்கொண்டே இருப்பீர்கள். காசு கரைவது அங்கேதான். பஸ் டிக்கெட் மட்டும் செலவில்லை. விடுதியிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆட்டோ, இறங்கிய இடத்தில் இன்னொரு ஆட்டோ, நடுவழி ஓட்டலில் இரட்டை விலைச் சாப்பாடு, களைப்பில் பேரம் பேசாமல் எடுக்கும் அறை, காயாத துணியைத் துவைக்கப் போடும் காசு எல்லாம் சேரும். ஒரே ஊரில் ஒரு மாதம் இருப்பவருக்கு இவை ஒரே ஒருமுறைதான்.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஒரு லட்சத்தைத் தொடவே கூடாது. அவசரமாக ஊர் திரும்பவும், திரும்பி வந்து வேலை கிடைக்கும்வரை சாப்பிடவும் அதுதான். விமானம், விசா, இன்சூரன்ஸ் மூன்றுக்கும் 1,20,000 என்று ஒதுக்கினால் மீதி 2,80,000. நாளைக்கு 1,555 ரூபாய். டார்மிட்டரி படுக்கை, தெருக்கடைச் சாப்பாடு, உள்ளூர் பஸ் என்று இருந்தால் நேபாளம், வியட்நாம், லாவோஸ் பக்கம் இது தாங்கும். மேற்கு ஐரோப்பாவில் படுக்கைக்கே பற்றாது. 14-ஐ நாலாகக் குறைத்தால் ஐந்து லட்சம் போதும்.

எந்த நாட்டில் எத்தனை நாள் என்பதை விசாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வியட்நாம் இ-விசா 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை கொடுக்கிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. ஆற அமர இருக்க நினைப்பவருக்கு நல்ல ஏற்பாடு. நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேண்டாம். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டுமே முழு நாள் கணக்கு. இதில்தான் பலரும் ஒருநாள் இருநாள் தவறுகிறார்கள். விசாவில் அச்சிட்ட நாள் 90-க்குக் குறைவாக இருந்தால் அதுதான் செல்லும்.

மாத வாடகை அறையை இங்கிருந்தே பதிவு செய்யாதீர்கள். முதல் மூன்று இரவுக்கு மட்டும் விடுதி போட்டு, நடந்து தேடுங்கள். ஒரே அறையைப் பகலில் ஒருதரம், இரவு ஒன்பது மணிக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள். பகலில் ஈ ஓட்டும் தெருவில் இரவில் கரோக்கே அலறும். குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பாருங்கள். தாய்லாந்தில் மாத அறைகளுக்குக் கரண்ட், தண்ணீர் பெரும்பாலும் தனிக்கணக்கு. யூனிட் என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். குடியேறும் அன்று மீட்டரையும் சுவர்க் கறையையும் போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் திரும்ப வரும்போது பேச்சு வளராது.

60 லிட்டர் பை வாங்கவா, 40 லிட்டர் பையா? தோள்வலி வராமல் எப்படி மாட்டுவது?
*– கல்லூரி மாணவர், ராயக்கோட்டை*

40. பெரிய பை எடுத்தால் அதை நிரப்பத்தான் கை போகும். குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோ வரம்பு. பையின் சொந்த எடையே ஒன்றரை கிலோ இருக்கும், மிச்சம் ஐந்தரை. அதற்குள் ஆறு மாதமும் அடங்கும். ஒரு வாரத் துணிதான் ஆறு மாதத் துணியும்.

ஜீன்ஸ் வேண்டாம்; மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும். டர்க்கி டவலுக்குப் பதில் நம்மூர் மெல்லிய பருத்தித் துண்டு. கூடவே ஒரு லுங்கி. டார்மிட்டரியில் கீழ்ப்படுக்கைக்குத் திரை, இரவு பஸ்ஸில் போர்வை, குளியலறைக்கு வெளியே மறைப்பு, ஆற்றங்கரையில் விரிப்பு என்று அது செய்யாத வேலை இல்லை. நெடும்பயணத்துக்கென்றே விற்கும் விலை உயர்ந்த சாமான்களில் பாதியை ஒரு லுங்கி தேவையற்றதாக்கிவிடும்.

உங்கள் உயரத்தைப் பார்த்துப் பை வாங்காதீர்கள். முதுகு நீளம்தான் அளவு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மாட்டும்போது எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து இறுக்க வேண்டும். பிறகு தோள்வார், அதன்பின் தோளுக்கு மேலே பையை முதுகோடு இழுக்கும் சின்ன வார், கடைசியாக நெஞ்சுப் பட்டை. பெரும்பாலோர் தோள்வாரில் ஆரம்பிப்பதால் முழுப் பாரமும் தோளில் தொங்குகிறது. பாரத்தின் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் கூன் போட்டு நடப்பீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர்தான், கவலையில்லை. எண் அழிந்துபோன பழையதைப் பறிமுதல் செய்வார்கள்.

கிளம்பும் முன் ஏழு கிலோ அரிசியைப் பையில் போட்டு உங்கள் ஊர் மலைக்கோட்டையை இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். தோள் சிவந்தால் இடுப்புப் பட்டை தளர்வு என்று அர்த்தம். இடுப்பெலும்பில் தோல் உரிந்தால் பட்டை கீழே நழுவியிருக்கிறது.

சுத்த சைவம். வெளிநாட்டில் மாசக்கணக்கில் எப்படிச் சமாளிப்பது? கேழ்வரகு மாவு, புளிக்காய்ச்சல், குருமாப் பொடி எடுத்துப் போகலாமா?
*– வாசகி, பென்னாகரம்*

முதலில் குருமாப் பொடி. அதில் கசகசா இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தில் வரும். அங்கே விமானம் மாறிப் போவதாக இருந்தாலும் எடுக்காமலிருப்பது நல்லது. புளிக்காய்ச்சல் குழம்புப் பதம், ஆகவே கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். செக்-இன் பையில் இரட்டைக் கவரில் போடுங்கள். நியூசிலாந்தில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பொருள்தான் போகும்.

கேழ்வரகு மாவு, கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக, ஒரு கிலோ போதும். ஹாஸ்டல் சமையலறையில் களி கிண்ட ஆசைப்படாதீர்கள். மெல்லிய டெஃப்லான் சட்டியும் பிளாஸ்டிக் கரண்டியும் களியைத் தாங்காது. கூழ் காய்ச்சுங்கள்: ஆளுக்கு மூன்று ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் விட்டுக் கிளறினால் ஐந்தாறு நிமிடம். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும். பிசையவும் உருட்டவும் தெரிந்த கைக்கு அடையும் சுலபம்தான்.

வெளியே சாப்பிட, 'வெஜிடேரியன்' என்ற சொல்லை நம்பாதீர்கள். தென்கிழக்கு ஆசியாவில் அப்படிச் சொன்னாலும் மீன் சாறு விழும். வியட்நாமில் 'சாய்' என்று கேளுங்கள். புத்த மதத்தார் விரதச் சாப்பாடு அது. சந்திர மாதத்தின் முதல் நாளும் 15-ஆம் நாளும், அதாவது நம்மூர் அமாவாசை, பௌர்ணமி வாக்கில், நிறையக் கடைகளில் கிடைக்கும். தாய்லாந்தில் சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைத் தேடுங்கள், பூண்டு வெங்காயம்கூட இருக்காது. ஜார்ஜியாவில் 'சமார்க்வோ' என்றால் தேவாலய விரத உணவு, பால் முட்டைகூட இல்லாதது. எத்தியோப்பியாவில் புதனும் வெள்ளியும் விரத நாள். அன்று ஓட்டலில் சைவம் தேட வேண்டியதே இல்லை.

இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வயது 63, 61. எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். மலைப் பிரதேசத்தில் இரண்டு மாதம் தங்க ஆசை.
*– வாசகி, தருமபுரி*

லடாக்கில் இருக்கும் லே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 3,500 மீட்டர், விமானத்தில் போய் இறங்கினால் உடம்பு பழக நேரமில்லை. நேபாளத்தில் போக்ராவைப் பாருங்கள். ஏறத்தாழ 800 மீட்டர்தான், பனிமலை ஜன்னலில் தெரியும், மாத வாடகைக்கு இடம் கிடைக்கும். நேரம் நம்மைவிட 15 நிமிடம்தான் கூடுதல், இன்சுலின் வேளையை மாற்ற வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை செல்லும். உங்கள் வயதுக்கு ஆதார் மட்டும் போதாது. அங்கிருந்து மேலே ஏற ஆசை வந்தால், 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருநாள் ஏறாமல் இருங்கள். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே ஒரு அடி வைக்காதீர்கள். மோசமானால் உடனே இறங்குங்கள்.

இன்சுலினை எக்காரணம் கொண்டும் செக்-இன் பையில் போடாதீர்கள். விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம், ஒருமுறை உறைந்தது பிறகு உருகினாலும் வேலை செய்யாது. பிரிக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்துவது பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை அறை வெப்பத்தில் தாங்கும், பெட்டியில் உள்ள அளவைப் பாருங்கள். குளிரில் குளுக்கோமீட்டர் தப்பான எண் காட்டும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுச் சோதியுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் படிவத்தில் சர்க்கரையை மறைத்தால், இதயக் கோளாறுக்குப் போட்ட கிளைமும் நிராகரிக்கப்படலாம். பிரீமியம் கூடினாலும் எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும்போது பேங்க் ஓ.டி.பி. வருமா?
*– வாசகர், கிருஷ்ணகிரி*

சிம்மில் சர்வதேச ரோமிங் திறந்திருந்து, ரீசார்ஜ் காலாவதியாகாமல் இருந்தால் வரும். இணையத்துக்கு அந்தந்த ஊர் சிம்மோ இ-சிம்மோ போட்டுக்கொண்டு, நம்மூர் எண்ணை எஸ்.எம்.எஸ்ஸுக்கு மட்டும் வையுங்கள். ஏ.டி.எம். 'ரூபாயில் கழிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் சொல்லி உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் விகிதத்தில் அவர்கள் லாபம் ஒளிந்திருக்கிறது. தாய்லாந்தில் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பதால், அங்கே அடிக்கடி கொஞ்சமாக எடுப்பது நஷ்டம்.

லாவோஸில் இருக்கிறேன், கிளம்பி இரண்டு மாதம். எந்தக் கோயிலும் ஒன்றுபோலத் தெரிகிறது. எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. என்னிடம் ஏதோ கோளாறா?
*– சொந்த ஊர் ஊத்தங்கரை*

மனசைக் குறை சொல்லும் முன் உடம்பைப் பாருங்கள். வயிறு சரியில்லாமல் எடை குறைந்திருந்தாலோ, விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தாலோ ரத்தமும் மலமும் சோதியுங்கள். ஜியார்டியா போன்ற குடல் கிருமியும் இதே சோர்வைத் தரும்.

உடம்பு சரி என்றால், இது முடிவெடுத்து முடிவெடுத்து வந்த அலுப்பு. ஊரில் இருக்கும்போது எங்கே தூங்குவது, எங்கே சாப்பிடுவது என்று யோசிப்பதில்லை. அங்கே தினமும் இருபது முறை யோசிக்கிறீர்கள். அதைக் குறைக்கத்தான் ஓர் இடத்தில் பத்து நாள் அமர வேண்டும். விடுதியல்ல, கதவு சாத்தும் அறை. காலையில் ஒரே கடையில் ஒரே சாப்பாடு. முதல் மூன்று நாள் பார்க்க வேண்டிய இடம் எதற்கும் போகாதீர்கள். முடி வெட்டிக்கொள்ளுங்கள், பையின் கிழிசலைத் தையுங்கள். சந்தைக்குப் போய்க் காய் பெயர் ஐந்து கற்றுக்கொள்ளுங்கள். நாலாவது நாள் கடைக்காரர் கேட்காமலே உங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பார். கோயில் பார்த்து வராத தெம்பு அதில் வருவதைப் பலரிடம் கவனித்திருக்கிறோம். வீட்டுக்குத் தினமும் வீடியோ கால் போடுவதை வாரம் இருமுறையாக்குங்கள். கால் அங்கேயும் மனசு ஊத்தங்கரையிலுமாக இருந்தால் இரண்டு இடத்திலும் தூக்கம் வராது. பத்து நாள் கழித்தும் ஊர் நினைப்பே இருந்தால் டிக்கெட் போடுங்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது, சர்நேம் காலி. பிரச்னை வருமா?
*– வாசகர், அரூர்*

இனிஷியல் போட்டு வாழ்கிற நமக்கே உரிய தலைவலி. அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா அனுமதி தருவதில்லை. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பின்னர் தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைச் சர்நேமில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சடித்துவிடுவார்கள். நீண்ட பயணம் போவதென்றால், பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து இனிஷியலை விரித்துத் தந்தை பெயரைச் சர்நேமில் போட்டுவிடுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. நிறைய நாடு என்றால் 60. அதன்பிறகு டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே வரிசை. வியட்நாம் இ-விசாவில் ஓரெழுத்து பிசகினாலும் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள்.

வியட்நாமில் பைக் வாடகைக்கு எடுத்து வடக்கு மலைகளைச் சுற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கும் சர்வதேச லைசென்ஸ் போதுமா?
*– வாசகர், காவேரிப்பட்டினம்*

போதாது. நம்மூரில் தருவது 1949 சர்வதேசச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி. வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கை லைசென்ஸை மட்டும். வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவி கொடுப்பார், அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செல்லும் லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா தராது. எலும்பு முறிவுச் செலவு முழுக்க உங்கள் தலையில். ஹா ஜியாங் சுற்றுக்கு 'ஈஸி ரைடர்' என்று உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு இருக்கிறது. மூன்று நாள் எடுக்கலாம், நாலு நாள் இன்னும் நல்லது. ஹெல்மெட்டை மட்டும் நீங்களே தலையில் போட்டுப் பார்த்து, தாடைப் பட்டை பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.